முற்றத்து வெயிலும் தெருச் சன்னலும்

ரமலானுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் கடற்கரை ஊர்களின் பழைய வழக்கம். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. அதனால் நோன்பு மாதம் பருவங்களினூடே பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2027 இல் அது பிப்ரவரித் தொடக்கத்தில் வரும். 2030 இல், பிறையைப் பொறுத்து, ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் மற்றொன்றுமாக இரண்டு ரமலான்கள் தொடங்கும். ஆக, வரும் சில ஆண்டுகளில் நம் வீடுகளின் பராமரிப்பு வேலைகள் பெரும்பாலும் மார்கழியிலும் தையிலும் நடைபெறப் போகின்றன. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று நீளும் இக்கரையில், பாட்டனார் காலத்து வீடு ஒன்றை வைத்திருக்கும் குடும்பங்கள் பலவும் இப்பருவத்தில் கொத்தனாரை அழைத்து வருகின்றன. வேலை பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கிறது. வீடு இருட்டாக இருக்கிறது என்று தெருச்சுவரை உடைத்துப் பெரிய கண்ணாடிச் சன்னல் வைக்கிறோம். மழை வருகிறது, குரங்கு வருகிறது, திருடன் வருவான் என்று முற்றத்தை மேலே மூடிவிடுகிறோம். பிறகு பகலிலும் எரிய வேண்டிய விளக்குகளைக் கூரையெங்கும் பதிக்கிறோம்.

அவ்வீடுகளைக் கட்டியவர்கள் வெளிச்சத்தின் அருமை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் வெளிச்சத்தை வானத்திலிருந்து எடுத்தார்கள், தெருவிலிருந்து எடுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதற்கு நெடிய வரலாறு ஒன்று உண்டு. அதை அறிந்துகொண்டு உடைப்பது வேறு, அறியாமல் உடைப்பது வேறு.

முதலில் சுவரைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் கரையில் கருங்கல் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தது கடல் தந்த கல். முருகைக்கல் என்று நாம் சொல்லும் பவளப்பாறைக் கல்லை வெட்டியெடுத்துச் சுவர் எழுப்பினார்கள். அதையும் கிளிஞ்சலையும் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள். இக்கரையில் பனைக்குக் குறைவில்லை. ஆகவே கருப்பட்டி நீரும் கடுக்காய்ச் சாறும் சாந்தில் கலந்தன. பனங்கை உத்தரக் கட்டைகளாயிற்று. வசதி படைத்தவர்கள் இரங்கூனிலிருந்து தேக்கு கொண்டுவந்தார்கள். இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சென்ற நம் மரக்காயர் வணிகர்களுக்கு அது தொலைவான சந்தை அன்று. ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தம் தன்வரலாற்றில், இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் தாம் வளர்ந்த பூர்வீக வீடு 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்டது என்று குறிப்பிடுகிறார். இன்று அவ்வீடு உருமாறி, மாடிகளுடன், காட்சியகம் ஒன்றையும் தன்னுள் கொண்டு நிற்கிறது. எளிய படகுக்காரர் குடும்பம் வாழ்ந்த அந்த வீடும், வணிகர் ஒருவரின் பெரிய வீடும் அளவில்தான் வேறுபட்டன. இயல்பில் அவை ஒன்றே. கனத்த சுவர், சிறிய திறப்புகள், வெள்ளைப் பூச்சு.

இந்தக் கல்லை இனி நாம் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய கடல்சார் தேசியப் பூங்கா 1986 இல் அறிவிக்கப்பட்டது; 2001 இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போனதற்கு, அளவின்றிப் பவளப்பாறை அகழ்ந்ததே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் முன்னோரின் சுவர்களுக்குள் இருப்பது அந்தக் கடலடித் தோட்டத்தின் ஒரு பகுதி. அதை உடைத்துக் குப்பையில் கொட்டினால் மீண்டும் கிடைக்காது என்பது மட்டும் அல்ல. அதற்காகக் கடல் கொடுத்த விலையும் வீணாகிறது.

சுவர் கனமாக இருந்ததற்கு வலிமை மட்டும் காரணம் அன்று. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இராமேசுவரமும் கீழக்கரையும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையைச் சற்றே தாண்டி அமைந்தவை. ஆகையால் இங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில் இருப்பதில்லை. சித்திரை பிறக்கும் வேளையில் அது நேர் உச்சியில் நிற்கும். பிறகு வடக்கே சாயும். ஆவணி நடுவில் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்கும். ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து வடக்கே சுமார் 14 பாகை; டிசம்பர் 22 அன்று தெற்கே சுமார் 33 பாகை. தரையிலிருந்து ஏழடி உயரம்வரை திறந்திருக்கும் தெற்குச் சன்னல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நண்பகல் வெயில் அதன் வழியாகச் சுவரின் வெளிமுகத்திலிருந்து நாலரை அடி தூரம் எட்டும். சுவரின் கனம் இரண்டடி என்றால், அறைக்குள் இரண்டரை அடிக்கு வெயில் விழும். குளிர்ந்த காலத்தில் அது இதமானது. அதே அளவுள்ள வடக்குச் சன்னலில் ஜூன் நண்பகல் வெயில் இரண்டடிகூட எட்டாது. சுவரின் கனத்துக்குள்ளேயே அது முடிந்துபோகும். அதாவது, அந்த இரண்டடிச் சுவரே ஒரு நிழற்குடை. அதை இடித்து ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக மாற்றும்போது, கோடையில் வராமலிருந்த வெயிலை நாமே விலை கொடுத்து உள்ளே அழைக்கிறோம். பின்னர் அதை விரட்டக் குளிர்சாதனம் வாங்குகிறோம்.

பகலின் நீளமும் இங்கே பெரிதாக மாறுவதில்லை. டிசம்பரின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 35 நிமிடம். ஜூனின் மிக நீண்ட பகல் 12 மணி 40 நிமிடம். இடைவெளி ஒரு மணி நேரம்தான். குளிர்காலம் என்றால் இருட்டு என்பது வட நாடுகளின் அனுபவம். நமக்குக் குளிர்காலம் என்பது வாடையும் மழையும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கவியும்போதுதான் நம் வீடு உண்மையில் இருண்டுவிடுகிறது. அப்போது வெளிச்சம் தருவது தெருச் சன்னல் அன்று, முற்றம். மூட்டமான நாளில் வானத்தின் உச்சிப் பகுதியே அடிவானத்தைவிட ஒளி மிக்கது. மேல்நோக்கித் திறந்த முற்றம் அந்த ஒளியை நேராக வாங்கி, வெள்ளையடித்த சுவர்களின் வழியே தாழ்வாரத்துக்கும் அறைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்து நிற்கும் தெருச் சன்னலுக்கு அந்த வானம் கிடைப்பதில்லை. குறுகிய தெருக்களைக் கொண்ட கீழக்கரை போன்ற ஊரில் இது இன்னும் உண்மை.

முற்றத்துக்கு வேறொரு பயனும் இருந்தது. கடிகாரம் அரிதாக இருந்த காலத்தில், வீட்டில் இருந்த பெண்களுக்குத் தொழுகை நேரம் காட்டியது முற்றத்து நிழல். ஷாஃபிஈ மத்ஹபின்படி, ஒரு பொருளின் நிழல் நண்பகல் நிழலைக் கழித்து அப்பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் தொடங்குகிறது. சித்திரைத் தொடக்கத்தில் நம் ஊரில் நண்பகல் நிழலே இல்லை. மார்கழியில் ஒரு முழக் குச்சிக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழம் நிழல் நண்பகலிலேயே விழுந்துவிடும். இந்த வேறுபாட்டை உணர்ந்து நிழலைப் பார்க்கத் தெரிந்தவர்கள் எழுத்தறியாதவர்களாக இருக்கலாம். கணக்கறியாதவர்கள் என்று சொல்ல முடியாது. நபி (ஸல்) அவர்கள் அஸர் தொழும் வேளையில் வெயில் தம் அறையை விட்டு இன்னும் அகலாதிருக்கும் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை புகாரியில் காண்கிறோம். மதீனாவின் அந்தச் சிறு வீட்டிலும் வெயில்தான் நேரம் சொல்லியிருக்கிறது.

இனி சன்னலுக்கு வருவோம். சன்னல் என்ற சொல்லே இக்கரையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. தமிழில் அதற்கு முன்பே சாளரம் இருந்தது, பலகணி இருந்தது, காற்று வரும் வழி என்று பொருள்படும் காலதர் இருந்தது. மானின் கண்ணைப் போன்ற துளைகள் கொண்ட காலதர்களைச் சிலப்பதிகாரம் பேசுகிறது. அந்தச் சொற்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்து அமர்ந்தது போர்த்துக்கீசியரின் ‘ஜனேலா’. சாவி, அலமாரி, மேசை ஆகியவையும் அதே கப்பலில் வந்தவையே. 16 ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிக்கும் இக்கடலுக்காகப் போர்த்துக்கீசியரும் மரக்காயர்களும் மோதிக்கொண்டார்கள். 1538 இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் நடந்த சண்டையில், மார்த்திம் அபோன்சோ டி சூசாவின் படையிடம் மரக்காயர்களின் கப்பற்படை தோற்றது. தோற்கடித்தவர்களின் சொல் நம் வீட்டுச் சுவரில் நிலைத்துவிட்டது. ஆனால் அவர்களுடைய சன்னல் நிலைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தெருவை நோக்கி அகலத் திறக்கும் சன்னலை நம் முன்னோர் நெடுங்காலம் ஏற்கவில்லை. உயரத்தில் சிறு திறப்பு, அதில் மரக் கிராதி, உள்ளே கதவு என்பதே நம் முறையாக இருந்தது.

அந்த உயரம் தற்செயலானது அன்று. எகிப்தில் முஸ்லிம்கள் ஃபுஸ்தாத் நகரை அமைத்த காலத்தில், காரிஜா இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள் தம் வீட்டின்மேல் ஒரு மாடியறை கட்டினார்கள். அந்நகரின் முதல் மாடியறை அதுவே என்பர். அக்கம்பக்கத்து வீடுகளின் அந்தரங்கம் பாழாகும் என்று கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்குச் செய்தி போயிற்று. உமர் (ரலி) ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிய உத்தரவு விந்தையானது: அந்த அறைக்குள் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையும் குட்டையும் அல்லாத ஒருவரை அதன்மேல் நிற்க வைக்க வேண்டும், அவரால் சன்னல் வழியே எட்டிப் பார்க்க முடிந்தால் அறையை இடித்துவிட வேண்டும். அவ்வாறே சோதித்தார்கள். நின்றவரின் பார்வை சன்னலை எட்டவில்லை. அறை அப்படியே விடப்பட்டது. எகிப்தின் தொடக்கக் கால வரலாற்றை எழுதிய இப்னு அப்துல் ஹகம் இதைப் பதிவு செய்திருக்கிறார். மாடி கட்டும் உரிமையை உமர் (ரலி) மறுக்கவில்லை. பிறருடைய முற்றத்தைப் பார்க்கும் உரிமையைத்தான் மறுத்தார்கள். வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கும்படி விதித்ததே பார்வையின் காரணமாகத்தான் என்று நபிமொழி உண்டு. பிற்காலச் சட்ட நூல்களில் அண்டை வீட்டைப் பார்க்கும் சன்னல் தனியொரு வழக்காகவே விவாதிக்கப்பட்டது.

ஃபுஸ்தாத்தின் அந்தக் கட்டிலை நம் தெருக்களில் இன்று போட்டுப் பார்த்தால் எத்தனை மாடிச் சன்னல்கள் தேறும் என்று சொல்வதற்கில்லை.

கிராதியின் பயனும் இதனோடு சேர்ந்தது. உள்ளே இருப்பவர் வெளியைப் பார்க்கலாம். வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க முடியாது. இதே சிந்தனையை ஜித்தாவின் பழைய நகரில் பெரிய அளவில் காணலாம். செங்கடலின் பவளக்கல்லால் எழுப்பிய சுவர்கள்; அவற்றின்மேல் ‘ரவாஷின்’ எனப்படும் மரக் கிராதி மாடங்கள்; அதற்கான தேக்கு பெரும்பாலும் கடல் கடந்து இந்தியா முதலிய நாடுகளிலிருந்து போனது. 2014 இல் யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன நம் பாட்டனார்கள் ஜித்தாவில் இறங்கியபோது அந்த வீடுகள் அவர்களுக்கு அந்நியமாகத் தோன்றியிருக்காது. கல் ஒன்று, காற்று ஒன்று, கவலையும் ஒன்று.

இத்தனை நூற்றாண்டு வேலை செய்த கிராதியை முறியடித்தது மின்விளக்கு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒளி மிகுந்த பக்கத்திலிருந்து இருண்ட பக்கத்தைப் பார்க்க முடியாது. இருண்ட பக்கத்திலிருந்து ஒளி மிகுந்த பக்கத்தைப் பார்க்கலாம். கிராதியும், இன்றைய கறுப்புக் கண்ணாடியும், மெல்லிய திரைச்சீலையும் இந்த ஒரு விதியை நம்பித்தான் இருக்கின்றன. பகலில் தெரு வெளிச்சம், வீடு நிழல். ஆகவே மறைவு கிடைக்கிறது. இரவில் வீட்டுக்குள் மாடக்குழியில் ஓர் எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்த காலத்தில், தெருவும் இருட்டு, வீடும் அரையிருட்டு. அப்போதும் மறைவுக்குக் குறையில்லை. ஓர் அறையைப் பகலாக்கும் குழல்விளக்கு வந்த அன்றே கணக்கு தலைகீழாயிற்று. மஃரிபுக்குப் பின் விளக்கைப் போட்டதும், பகலெல்லாம் நம்மை மறைத்த அதே சன்னல் நம்மைத் தெருவுக்குக் காட்டத் தொடங்கிவிடுகிறது. பகலில் கறுப்பாகத் தெரியும் கண்ணாடியைக் கடையில் பார்த்து நம்பி வாங்கியவர்கள், இரவில் ஒருமுறை தெருவில் நின்று தம் வீட்டைப் பார்க்க வேண்டும்.

விளக்கின் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்நாட்களில் வீடுகளில் விளக்குகள் இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் இரவுத் தொழுகை இருட்டில் நடந்தது. பள்ளிவாசலில் முதலில் விளக்கேற்றியவர் தமீமுத் தாரீ (ரலி) என்று ஓர் அறிவிப்பு உண்டு. உறங்கும்முன் விளக்கை அணைத்துவிடுங்கள், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடக்கூடும் என்ற நபிமொழியை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருப்போம். மதீனாவில் ஒரு வீடு இரவில் குடும்பத்தாரோடு தீப்பற்றிய செய்தியும் அதனோடு சேர்த்து அறிவிக்கப்பட்டுள்ளது. ஓலைக்கூரை மிகுந்த நம் கரையில் அது வெறும் பழங்கதையாகக் கேட்டிருக்காது. திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் வரும் ‘மிஷ்காத்’ என்னும் சொல்லைத் தமிழாக்கியவர்கள் மாடம் என்றே எழுதினார்கள். பழைய வீட்டுச் சுவரில் புகைக்கறை படிந்த மாடக்குழியைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனத்துக்கு விரிவுரை தேவைப்பட்டிருக்காது.

தேங்காயெண்ணெயும் இலுப்பை எண்ணெயும் எரிந்த மாடக்குழிக்கு, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மண்ணெண்ணெய் போட்டியாக வந்தது. பர்மா ஆயில் கம்பெனி 1886 இல் தொடங்கப்பட்டது. நம்மவர்கள் கடை வைத்திருந்த இரங்கூனிலிருந்தே எண்ணெயும் வந்தது. சிம்னி விளக்கு, அரிக்கேன் விளக்கு, கல்யாண வீட்டுக்குப் பெட்ரோமாக்ஸ் என்று வரிசை நீண்டது. 1931 இல் பிறந்த கலாம் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் படித்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மின்சாரம் ஊரூராகப் பரவியது பெரும்பாலும் விடுதலைக்குப் பிறகுதான். காமராசர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் அது வேகம் பெற்றது. சென்னை மாநில மின்சார வாரியம் 1957 இல் அமைந்தது. இன்றோ, இதே இராமநாதபுரம் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016 முதல் இயங்குகிறது. ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின்நிலையங்களில் அப்போது உலகிலேயே அதுதான் பெரிது. வெயிலை மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்பும் மாவட்டத்தில், வெயிலை மூடிவிட்டு அந்த மின்சாரத்தால் பகலில் விளக்கெரிக்கிறோம்.

சரி, பழைய வீடு பெண்களைச் சிறைவைக்கக் கட்டப்பட்டது, வெளிச்சம் கொடுப்பதே விடுதலை என்று ஒரு வாதம் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. இருண்ட அடுக்களையில் புகையோடு போராடிய தலைமுறைகள் இருந்தன. காற்றில்லாத உள்ளறையில் பேறுகாலம் கழித்தவர்கள் இருந்தார்கள். பழைய வீடு எல்லாவற்றிலும் சரி என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆயினும் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும், வீடு மகளுக்குச் சேரும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்து வருகின்றன என்பதை மறக்கக்கூடாது. ஆண்கள் கடல்கடந்து போனார்கள். வீட்டில் இருந்து அதை ஆண்டவர்கள் பெண்கள். காயல்பட்டினத்தில் வீடுகளுக்கிடையே பெண்கள் நடந்துபோக முடுக்குகள் உண்டு. வீட்டுக்கு வீடு போய்வர அவர்களுக்குத் தெருவே தேவைப்படவில்லை. முற்றம் அவர்களுடைய திறந்தவெளி. பாய் முடைந்ததும், பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்ததும், கூந்தல் உலர்த்தியதும் அங்கேதான். வெளிச்சம் வேண்டும் என்று முற்றத்தை மூடித் தெருச்சுவரைத் திறக்கும்போது, தலையில் துணியின்றி நிற்கக்கூடிய ஒரே வெயிலை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டு, திரை போட்டே வைத்திருக்க வேண்டிய ஒரு சன்னலைக் கொடுக்கிறோம். அப்படிப்பட்ட சன்னல்கள் எத்தனை திறக்கப்படுகின்றன என்று பாருங்கள். ஆண்டில் நாற்பது நாள் விடுப்பில் வருகிறவர் துபாயிலிருந்து அலைபேசியில் வரைபடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார். மீதிநாள் முழுவதும் அவ்வீட்டில் இருக்கப்போகும் உம்மாவும் ராத்தாவும் கொத்தனாருக்குத் தேநீர் கொடுப்பதோடு நிற்கிறார்கள். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரைக் கேட்டு வேலை தொடங்குவது மரியாதை மட்டும் அல்ல, நடைமுறை அறிவும்கூட. எந்த மூலையில் எந்த மாதத்தில் வெளிச்சம் போதவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளிவாசல்களிலும் இதே கதை. வள்ளல் சீதக்காதியின் காலத்தோடு இணைத்துப் பேசப்படும் கீழக்கரை ஜும்ஆப் பள்ளி, கருங்கல் தூண்களும் தட்டையான கல் விதானமும் கொண்ட, தமிழகக் கட்டடக்கலையில் எழுந்த தொழுகையிடம். இப்படிப்பட்ட கற்பள்ளிகளின் உள்ளே கண் பழகச் சிறிது நேரம் ஆகும். அந்த மங்கலான குளுமையைக் குறை என்று கருதி, தூண்களின்மீது ஓடு ஒட்டி, வெள்ளொளி விளக்குகளை வரிசையாக மாட்டியிருக்கும் பழைய பள்ளிகள் நம் மாநிலத்தில் உண்டு. அங்கே தொழுகிறவர் தூணைப் பார்ப்பதில்லை, தூணில் தெரியும் விளக்கின் பிம்பத்தைப் பார்க்கிறார்.

இந்தக் கரையின் குளிர்காலத்துக்கு ஒரு கொடிய முகமும் உண்டு. 1964 டிசம்பர் 22 இரவு, மார்கழியின் முதல் வாரத்தில், தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலோடு போயிற்று. பாம்பன் பாலம் சிதைந்தது. இன்று அங்கே நிற்கும் தேவாலயத்தின் சிதைவில் பவளக்கல் சுவர்கள் இருக்கின்றன. கூரை இல்லை, சன்னல் சட்டங்கள் இல்லை, திறப்புகள் மட்டும் இருக்கின்றன. வாடைக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது பெண்கடல் என்று சொல்லப்படும் பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும். கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியிலோ ஆண்கடலான தெற்குப் பக்கம் சீறும். ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் அகலமான கண்ணாடி வைப்பவர் புயலை நினைத்துக்கொண்டுதான் வைக்க வேண்டும். வெளிப்புறம் மரக்கதவோ, இறக்கி மூடும் தகடோ இல்லாத கண்ணாடி அத்திசைகளுக்கு ஏற்றதன்று. இரும்புக் கம்பி இக்காற்றில் விரைவில் துருப்பிடித்து ஊதி, பதிந்திருக்கும் சுவரைப் பிளக்கும்; பழைய வீடுகளில் மரக்கம்பிகள் இருப்பதை வறுமை என்று எண்ண வேண்டாம்.

மார்கழி, தை வேலைக்கு நல்ல காலம் என்பதில் ஐயமில்லை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. சுண்ணாம்பு வெறுமனே உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. அதற்கு ஈரமும் பொறுமையும் வேண்டும். சித்திரை வெயிலில் பூசினால் வெடிக்கும். தையில் பூசினால் பிடிக்கும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் சிமெண்ட் பூசுவதுதான் நாம் அடிக்கடி செய்யும் கேடு. கடல் கல்லுக்குள் உப்பு உண்டு, தரையிலிருந்து ஈரம் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை உள்ளே அடைக்கும். ஓரிரு மழைக்காலத்தில் உப்புப் பூத்து, பூச்சு பொருமி, தகடு தகடாகக் கழன்று விழும். அதை மறைக்க ஓடு ஒட்டுவார்கள். ஈரம் இன்னும் மேலே ஏறும்.

முற்றத்தை மூடியே ஆக வேண்டிய வீடுகள் உண்டு. முதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். குரங்குத் தொல்லை இராமேசுவரத்தில் மெய்யானது. அப்படியானால் சுவரோடு ஒட்டி மூடாமல், ஒரு முழம் உயர்த்தி, சுற்றிலும் வலையடித்த இடைவெளி விட்டு, ஒளி புகும் தகட்டால் மூடலாம். வெப்பம் மேலேறி வெளியேறும், வாடைச்சாரல் உள்ளே வராது, வானமும் தெரியும். ஏற்கெனவே மூடிய வீடுகளில் ஓட்டுக்கூரையில் ஆங்காங்கே கண்ணாடி ஓடு மாற்றினாலே உள்ளறை பிழைத்துக்கொள்ளும். தெருச்சுவரில் திறப்பு வேண்டுமென்றால் கண்மட்டத்துக்கு மேல், அகலமாக, குறைந்த உயரத்தில் வைக்கலாம். ஃபுஸ்தாத்தின் கட்டில் சோதனையில் அது தேறிவிடும்; கூரைக்கடியில் தேங்கும் சூட்டையும் அதுவே வெளியேற்றும்.

மின்கம்பி வேலையைச் சுண்ணாம்புக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பூசிய சுவரை மறுபடி கீறினால் அந்த இடத்தில் ஈரம் தேங்கும். கூரையின் நடுவில் ஒரே பெரிய விளக்கு என்பதை விட்டுவிட்டு, சுவரை நோக்கி எரியும் சிறிய எல்இடி விளக்குகளைப் பல இடங்களில் வைத்தால் கண்ணும் கூசாது, தெருவிலிருந்து அறையும் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. பழைய மாடக்குழிகளைச் செங்கல் வைத்து அடைத்துவிடாதீர்கள். புகைக்கறையைச் சுரண்டி, உள்ளே இரு கை வெள்ளை அடித்து, மேல் விளிம்புக்குப் பின்னால் மஞ்சளொளி தரும் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்தினால் பல்பு கண்ணில் படாது. குழியின் வளைவே ஒளியை ஏந்தி அறைக்குள் விடும். தஹஜ்ஜுதுக்கு எழுகிறவர் உறங்குகிறவர்களை எழுப்பாமல் ஒளுச் செய்துவர அந்த அளவு வெளிச்சம் போதும்.